"தூக்கத்திலேயே போய்விட்டார்": வயிற்றுவலியாக வந்த ஒரு பயம்

இந்த நிகழ்வில் வருபவர்கள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, அவளுடைய பெற்றோர், மூன்று வயதுத் தம்பி. நான் குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசகர். பெற்றோரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். என் பக்கத்துத் தவறுகளை மட்டும் மாற்றவில்லை.

பின்னணி

சிறுமியின் தாய்வழித் தாத்தா அவர்களோடுதான் வசித்தார். பல ஆண்டுகளாக இதய நோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தவர். பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவதும், மாலையில் பாடம் சொல்லிக்கொடுப்பதும் அவர் பொறுப்பு. ஒரு நாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

சிறுமி கண்விழித்து அவருடைய அறைக்குப் போனபோது, யாரோ ஒரு பெரியவர் வாசலிலேயே நிறுத்தி, "தாத்தா தூங்குகிறார், தொந்தரவு செய்யாதே" என்று சொல்லி அவளையும் தம்பியையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மாலையில் திரும்பியபோது தாத்தா இல்லை. வீடு முழுக்க ஆட்கள். வந்தவர்கள் எல்லாரும் அவளுடைய தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "தூக்கத்திலேயே போய்விட்டார். கொடுத்துவைத்தவர்."

பெரியவர்களுக்கு இது ஆறுதல். துன்பப்படாமல் போனார் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டு நின்ற குழந்தைக்கு இதில் கிடைத்தது வேறொரு செய்தி. அது என்ன என்று நாங்கள் கண்டுபிடிக்க ஐந்து மாதங்களுக்கு மேல் ஆனது.

நான்காம் நாள் அவள் பள்ளிக்குப் போனாள். அழவில்லை. அதிகம் கேள்வி கேட்கவில்லை. "சமர்த்து, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை" என்று தாய் முதல் சந்திப்பில் என்னிடம் சொன்னபோது அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. தம்பியிடம் தாத்தா வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்திருந்தார்கள். மகள் முன்னால் அழக் கூடாது என்று தாய் தனக்குள் முடிவு செய்திருந்தார். தந்தையை இழந்த அவர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதார் என்பது பின்னால் தெரிந்தது.

வலி தொடங்கியது

இறப்பு நிகழ்ந்து ஏறக்குறைய ஆறு வாரங்களுக்குப் பிறகு, ஒரு திங்கட்கிழமை காலையில் சிறுமி வயிறு வலிக்கிறது என்றாள். தொப்புளைச் சுற்றி வலி. முகம் வெளுத்திருந்தது. அன்று வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். பத்து மணிக்கு வலி போய்விட்டது.

முதல் மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லை. இரண்டாம் மாதம் ஆறு நாள். மூன்றாம் மாதம் பதினொரு நாள். போன நாட்களிலும் நண்பகலுக்குள் பள்ளியிலிருந்து அழைப்பு வந்துவிடும்.

குழந்தைநல மருத்துவர் முறையாகவே பார்த்தார். எடை குறைந்திருக்கிறதா, மலத்தில் இரத்தம் போகிறதா, காய்ச்சலோ தொடர் வாந்தியோ இருக்கிறதா, வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, வளர்ச்சி தடைப்பட்டிருக்கிறதா என்று கேட்டார். இவற்றில் ஒன்று இருந்தாலும் மனம் என்ற பேச்சுக்கு முன் உடம்பைத்தான் துருவிப் பார்க்க வேண்டும். இவளுக்கு எதுவும் இல்லை. இரத்தம், சிறுநீர், மலம், ஸ்கேன் எல்லாம் சரியாக இருந்தன. "ஒன்றுமில்லை" என்றார் மருத்துவர். பெற்றோர் இன்னொருவரிடம் போனார்கள். அவரும் "ஒன்றுமில்லை" என்றார்.

அந்த வார்த்தை வீட்டுக்கு வந்ததும் இரண்டாக உடைந்தது. தந்தைக்கு அது "நடிக்கிறாள்" என்று கேட்டது. தாய்க்கு "இன்னும் கண்டுபிடிக்கவில்லை" என்று கேட்டது. காலை ஏழு மணிக்கு ஒருவர் அதட்ட, மற்றவர் அணைக்க, எட்டு மணிக்குள் அவர்களுக்குள்ளேயே சண்டை மூளும். சண்டை முற்ற முற்றச் சிறுமியின் வலியும் ஏறியது.

நடிப்பு என்று சொல்வதற்கு இங்கே இடமே இல்லை. குடலுக்கென்று ஒரு நரம்பு வலையே இருக்கிறது. மூளையோடு அது இடைவிடாமல் செய்தி பரிமாறிக்கொள்கிறது. பயம் வரும்போது சுரக்கும் மன அழுத்த ஹார்மோன்கள் குடலின் அசைவை மாற்றுகின்றன, வயிறு வலியைக் கூடுதலாக உணரவும் செய்கின்றன. "வயிற்றைக் கலக்குகிறது" என்று நாம் பயத்தைச் சொல்வது உவமை மட்டுமல்ல. அந்தச் சிறுமிக்கு வலித்தது, மெய்யாகவே.

முதல் இரண்டு வாரங்கள்: என் தவறான தொடக்கம்

இந்த நிலையில்தான் என்னிடம் வந்தார்கள். முதல் சந்திப்பில் எல்லாரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்: "சமீபத்தில் வீட்டில் ஏதாவது மாற்றம் உண்டா?" தந்தை, "பெரிதாக ஒன்றுமில்லை. மாமனார் காலமானார், ஆனால் அதற்கெல்லாம் அவள் கலங்கவில்லை" என்றார். நான் அதைக் குறித்துக்கொண்டேன், பின்தொடரவில்லை. அந்தக் காலாண்டில் வகுப்பாசிரியை மாறியிருந்தார். என் கவனம் அங்கே போய்விட்டது.

பள்ளிக்குப் போக மறுக்கும் குழந்தைகளைப் பற்றி கிறிஸ்டோபர் கியர்னி என்ற ஆய்வாளர் தரும் ஒரு வகைப்பாடு எங்கள் துறையில் பரவலாகப் பயன்படுகிறது. மறுப்பதால் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் அதன் கேள்வி: பள்ளியில் உள்ள ஏதோ ஒன்று தரும் சங்கடத்திலிருந்து தப்புகிறதா, பிறர் தன்னை மதிப்பிடும் சூழலைத் தவிர்க்கிறதா, பெற்றோரின் கவனத்தைப் பெறுகிறதா, வெளியே கிடைக்கும் இன்பங்களை நாடுகிறதா. கேலியோ தேர்வு பயமோ இருக்கலாம் என்று முதலிரண்டில் தேடினேன். ஆசிரியையிடம் பேசினேன். கேலி இல்லை, பாடத்தில் தடுமாற்றம் இல்லை, இவள் அருகில் உட்காரத் தோழிகள் போட்டி போடுகிறார்கள் என்றார்.

அப்படியிருந்தும் நட்சத்திர அட்டை ஒன்றைப் பரிந்துரைத்தேன். பள்ளிக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நட்சத்திரம், ஐந்து சேர்ந்தால் அவள் விரும்பும் ஒரு விளையாட்டு. மூன்று நட்சத்திரம் ஒட்டினாள். நான்காம் நாள் காலையில் அட்டையைச் சுவரிலிருந்து கிழித்துக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டாள். பிறகு அழுதுகொண்டே தாயிடம், "நான் கெட்ட பெண்ணா?" என்று கேட்டாள்.

சோம்பலுக்கு வேலை செய்யும் கருவியைப் பயத்துக்குக் கொடுத்தேன். அவளால் முடியாததற்குப் பரிசு அறிவித்து, முடியவில்லை என்பதைச் சுவரில் எழுதியும் காட்டினேன். இரண்டு வாரம் வீணானதோடு, அவள் தன்னைப் பற்றி மோசமாக நினைக்கவும் காரணமானேன்.

நாட்குறிப்பு

மூன்றாம் வாரம் வேறு வழியில்லாமல் அடிப்படைக்குத் திரும்பினேன். தாயிடம் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளச் சொன்னேன். மணி, என்ன நடந்தது, தான் என்ன சொன்னார் என மூன்று பத்தி போதும். விளக்கம் வேண்டாம் என்றேன்.

ஏழு நாள் குறிப்பில் நான் எதிர்பார்க்காதவை இருந்தன. பள்ளி இல்லாத சனிக்கிழமையும் வலி வந்திருந்தது. அன்று தாய் தனியாக வெளியே கிளம்பியிருந்தார். தாய் கூடவே வந்து பள்ளி அலுவலகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த புதன்கிழமை வலி வரவில்லை. மாலையில் தொடங்கிப் படுக்கும்வரை கேள்விகள்: "நாளைக்கு நீ வீட்டில்தானே இருப்பாய்?", "தலைவலி என்றாயே, போய்விட்டதா?", "மாத்திரை போட்டாயா?" ஓர் இரவில் இருபத்தாறு முறை என்று தாய் கோடு போட்டு எண்ணியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் அவர் பதில்: "எனக்கு ஒன்றும் ஆகாது கண்ணு, பயப்படாதே."

வெள்ளிக்கிழமைக் குறிப்பில் ஒரு வரி: "இரவு 2.10. எழுந்து என் மூக்குக்குக் கீழே கையை வைத்தாள். போர்வையைச் சரிசெய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அப்படியே தூங்கிவிட்டேன். அடிக்கடி இப்படிச் செய்வாள்."

அதைப் படித்ததும் நோட்டை மேசைமேல் வைத்துவிட்டேன். அவள் தாயின் மூச்சைச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சந்திப்பில் சிறுமியோடு படம் வரைந்துகொண்டே, அம்மா தூங்கும்போது நீ என்ன செய்வாய் என்று கேட்டேன். தலை நிமிராமல் சொன்னாள்: "பார்த்துக்கொள்வேன்." எதற்கு? "தாத்தாவை யாரும் பார்க்கவில்லை. தூங்கினார், போய்விட்டார்." பள்ளியில் இருக்கும்போது? "அப்போது யார் பார்ப்பார்கள்?"

அவள் பயந்த இடம் பள்ளி அல்ல. அவளுக்கு வீட்டில் ஒரு காவல் வேலை இருந்தது. பள்ளிக்குப் போனால் அதை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது.

மதிப்பீடு

பிரிவுப் பதற்றக் கோளாறு என்று இதற்குப் பெயர். எட்டு அறிகுறிகளில் குறைந்தது மூன்று, குழந்தைகளிடம் நான்கு வாரங்களாவது நீடித்து, அன்றாட வாழ்வைப் பாதித்தால் இந்தப் பெயரைச் சூட்டலாம் என்பது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஐந்தாம் பதிப்பு நோயறிதல் கையேட்டின் அளவுகோல். நெருக்கமானவருக்குத் தீங்கு வரும் என்ற ஓயாத கவலை, பள்ளிக்குப் போக மறுப்பு, தனியே தூங்க மறுப்பு, பிரிவின்போது உடல் வலி என்று இவளிடம் நான்கு தெளிவாக இருந்தன.

தாத்தாவின் மரணம் ஒன்றே காரணம் என்று நான் எழுத மாட்டேன். சிறு வயதிலிருந்தே புதிய இடங்களில் தாயின் முந்தானையை விடாத குழந்தை. தாய்க்கும் சிறுவயதில் இதே சுபாவம். அதே மரணத்தை, அதே வாக்கியத்தோடு, வேறொரு குழந்தை எளிதாகக் கடந்திருக்கக்கூடும்.

பயம் ஏன் குறையாமல் வளர்ந்தது என்பதற்கும் விடை நோட்டில் இருந்தது. கேட்டபோதெல்லாம் பதில், வலித்தபோதெல்லாம் விடுப்பு, இரவெல்லாம் பக்கத்தில் படுக்கை, பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் உடனே தந்தை வண்டியெடுத்துப் போவது. எல்லாம் அன்பினால் செய்தவை. ஒவ்வொன்றும் அந்த நிமிடத்தில் பயத்தைத் தணித்தது. கூடவே, "நீ பயந்தது சரிதான், நாங்கள் தலையிட்டதால்தான் தப்பித்தாய்" என்றும் சொல்லாமல் சொன்னது. காவல் காத்த ஒவ்வொரு இரவுக்கும் மறுநாள் காலையில் அம்மா உயிரோடு இருந்தார். காவல் பலன் தருகிறது என்பதற்கு அவளுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, குழந்தையை விட்டுப் பெற்றோரோடு வேலை செய்வது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், பதற்றக் கோளாறுள்ள 7 முதல் 14 வயது வரையிலான 124 குழந்தைகளில் ஒரு பாதிக்கு வழக்கமான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) தந்தார்கள். மறு பாதியில் குழந்தைகளைச் சந்திக்காமல் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி தந்தார்கள். பயத்துக்கு இணங்கிப்போவதைப் படிப்படியாகக் குறைப்பதுதான் அந்தப் பயிற்சியின் உள்ளடக்கம். 12 வாரங்களின் முடிவில் இரண்டாம் வழி முதலாவதற்குக் குறைந்ததாக இல்லை. இந்த வீட்டில் இருபத்தாறு கேள்விகளும் இருபத்தாறு பதில்களும் இருந்தன. பதில்கள் பெரியவர்கள் கையில் இருந்தன. அங்கிருந்து தொடங்குவது எளிது என்று கருதினேன்.

தந்தை ஒரு கேள்வி கேட்டார்: "மாத்திரை கொடுத்தால் சீக்கிரம் சரியாகிவிடாதா?" நியாயமான கேள்வி. 2008-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 7 முதல் 17 வயதுவரை 488 பேர் பங்கேற்றார்கள். 12 வாரங்களில் நன்கு முன்னேறியவர்கள் செர்ட்ரலின் என்ற பதற்றத் தணிப்பு மருந்து மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காடு, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 60, இரண்டும் பெற்றவர்களில் 81, போலி மாத்திரை பெற்றவர்களில் 24. எண்களை அப்படியே சொன்னேன். மருந்து தருவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் மனநல மருத்துவர், நானல்ல என்றும் சொன்னேன். ஆறு வாரத்தில் வருகை பாதியாவது மேம்படாவிட்டால் குழந்தை மனநல மருத்துவரைப் பார்ப்பது என்று தேதி போட்டு எழுதிவைத்தோம்.

இரண்டாம் முடிவு, மரணத்தைப் பற்றிய உண்மையை அவளுக்குச் சொல்வது. யார் சொல்வது என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை: தாய்தான். நான் சொன்னால் அது ஒரு தகவல். தாய் சொன்னால், இந்த வீட்டில் இதைப் பேசலாம் என்ற அனுமதியும் அதில் இருக்கும். ஆனால் தாயால் "இறந்துவிட்டார்" என்ற சொல்லை என் அறையில்கூடச் சொல்ல முடியவில்லை. "போய்விட்டார்" என்றார், "இல்லாமல் போனார்" என்றார். ஒரு முழு அமர்வு அந்த ஒரு சொல்லுக்கே போனது. மகளுக்காக என்று ஆரம்பித்தது, இடையில் தந்தையை இழந்த ஒரு பெண் முதன்முறையாக உட்கார்ந்து அழுவதாக மாறியது. அதை நான் அவசரப்படுத்தவில்லை.

தாயும் மகளும் பேசியது

நான்காம் வாரம், ஒரு மாலையில், வீட்டில் நடந்தது. தாய் பிறகு எனக்குச் சொன்னதை அவருடைய நோட்டோடு ஒப்பிட்டு எழுதுகிறேன்.

"தாத்தா இறந்துவிட்டார். அவருடைய இதயத்தில் பல வருடமாக நோய் இருந்தது. அன்று அது நின்றுவிட்டது. அந்த நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். தூக்கத்தினால் இறக்கவில்லை. விழித்திருந்தாலும் அது நின்றிருக்கும்."

இவ்வளவும் ஒத்திகை பார்த்தது. இதற்குப் பிறகு தாய் அழுதுவிட்டார். அது ஒத்திகையில் இல்லை. சிறுமி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தாயின் முகத்தைத் துடைத்தாள். பிறகு கேள்விகள் வரிசையாக வந்தன. தாத்தாவுக்கு வலித்ததா? நான் அன்று அறைக்குள் போயிருந்தால் எழுப்பியிருக்கலாமா? உன் இதயத்தில் நோய் இருக்கிறதா? நீ எப்போது இறந்துபோவாய்?

இரண்டாவது கேள்வியை நாங்கள் யாரும் முன்கூட்டி நினைக்கவில்லை. வாசலில் நிறுத்தப்பட்ட குழந்தை ஐந்து மாதமாக அதைச் சுமந்திருக்கிறது. "இல்லை கண்ணு. நீ எழுந்திருப்பதற்கு முன்பே அது நின்றுவிட்டது. டாக்டர் பக்கத்தில் இருந்தாலும் முடிந்திருக்காது" என்றார் தாய்.

கடைசிக் கேள்விக்கு, எனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்ல வேண்டாம் என முன்பே பேசியிருந்தோம். அது யாராலும் காப்பாற்ற முடியாத வாக்கு, எட்டு வயதுக்கு அது தெரியும். தாய் சொன்னது: "எப்போது என்று யாருக்கும் தெரியாது. என் இதயம் நன்றாக இருக்கிறது. நீ வளர்ந்து பெரியவளாகி வெகுகாலம்வரை இருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்." உடனே அடுத்த கேள்வி: "இல்லாவிட்டால் என்னை யார் எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவார்கள்?" அப்பா, அப்பாவோடு சித்தி என்றார் தாய். சிறுமி தலையாட்டிவிட்டு விளையாடப் போனாள்.

விளையாடப் போனதைத் தாய் சற்று அதிர்ச்சியோடு சொன்னார். குழந்தைகள் துக்கத்தைச் சிறு சிறு கவளமாகத்தான் உட்கொள்வார்கள், நடுவில் விளையாடுவார்கள் என்று விளக்கினேன்.

பள்ளிக்குத் திரும்புதல்

இந்தப் பேச்சோடு எல்லாம் சரியாகிவிடும் என்று பெற்றோர் நம்பினார்கள். எனக்கும் உள்ளூர அப்படியோர் ஆசை இருந்தது. மறுநாள் காலையும் வயிறு வலித்தது. புரிந்துகொண்ட பயமும் பயம்தான். உடம்பு பழகிய பாதையை வார்த்தை மட்டும் மாற்றிவிடாது.

ஐந்தாம் வாரம் பள்ளித் திட்டம் தொடங்கியது. வழக்கமான நேரத்துக்கே போவாள். முதல் மூன்று நாள் முதல் இடைவேளைவரை, அடுத்த நான்கு நாள் நண்பகல்வரை, அதன்பின் முழு நாள். பிற்பகலில் மட்டும் அனுப்பிப் பார்க்கலாமா என்று தந்தை கேட்டார். காலைப் பிரிவுதான் அவளுக்குக் கடினம். அதைத் தள்ளிப்போட்டால் அரை நாள் முழுக்க அதையே நினைத்து உட்கார்ந்திருப்பாள். இன்னொன்றையும் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்: அவள் வீட்டுக்கு வருவதைக் கடிகாரம் தீர்மானிக்க வேண்டும், வலி தீர்மானிக்கக் கூடாது. வலி இல்லாவிட்டாலும் இடைவேளையில் வருவாள், வலித்தாலும் இடைவேளைவரை இருப்பாள்.

வாசலில் கொண்டுபோய் விடுவது தந்தையின் வேலை என்று மாற்றினோம். தாயிடமிருந்து பிரிவது வீட்டிலேயே, குட்டித் தூரத்தில் முடிந்துவிடும். வலி வந்தால் வகுப்பாசிரியை அவளை நூலக மூலையில் பத்து நிமிடம் உட்காரவைத்து வகுப்புக்கு அழைத்துக்கொள்வார். காய்ச்சல், வாந்தி தவிர வேறு எதற்கும் வீட்டுக்கு அழைப்பு இல்லை. ஆசிரியை இதைக் கச்சிதமாகச் செய்தார். இந்த நிகழ்வில் தவறே செய்யாத பெரியவர் அவர் ஒருவர்தான்.

வீட்டில் சொற்கள் மாறின. "ஒன்றுமில்லை", "பயப்படாதே" இரண்டையும் நிறுத்தினோம். அவற்றின் இடத்தில்: "உனக்கு வலிக்கிறது, பயமாகவும் இருக்கிறது, தெரிகிறது. உன்னால் இதைத் தாங்கிக்கொண்டு போக முடியும், அதுவும் தெரியும்." இரண்டு பாதியும் வேண்டும். முதல் பாதியை விட்டால் அதட்டலாகிவிடும். இரண்டாம் பாதியை விட்டால் இருவரும் சேர்ந்து பயப்படுவதாகிவிடும். சொன்ன பிறகு வலியைப் பற்றிய பேச்சை நீட்டாமல் வேறு பேச்சுக்குப் போக வேண்டும்.

கடைசிப் பகுதியைத் தாய் ஏற்கவில்லை. "வலிக்கிறது என்கிறாள், நான் கதை பேசுவதா?" என்றார். குழந்தைகளின் வயிற்றுவலியை ஆராயும் லின் வாக்கரின் குழு 2006-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொன்னேன். குழந்தைகளை நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து வயிற்றில் சங்கடம் வரச் செய்தார்கள். ஆய்வாளர்கள் சொல்லிக்கொடுத்தபடி சில பெற்றோர் அந்தச் சங்கடத்தைப் பற்றியே பரிவோடு பேசினார்கள். சிலர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்கள். எந்த அறிவுரையும் பெறாதவர்களோடு ஒப்பிட்டால், முதல் பிரிவில் குழந்தைகளின் முறையீடு ஏறக்குறைய இரு மடங்கானது, இரண்டாம் பிரிவில் பாதியானது. பேச்சைத் திருப்பியது நல்லது என்று வயிற்றுவலியுள்ள குழந்தைகள் சொன்னார்கள். அது குழந்தையைப் பாதிக்கும் என்று பெற்றோர் நினைத்தார்கள். தாய் இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் கஷ்டம் எனக்குத்தான், அவளுக்கு இல்லை" என்றார். அதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

மாலைக் கேள்விகளுக்கு ஒரு முறை முழுப் பதில். இரண்டாம் முறை, "இதற்குப் பதில் உனக்குத் தெரியும், நீயே சொல்." மூன்றாம் முறை, "இதைக் கேட்பது நீ இல்லை, உன் கவலை." படுக்கையில் தாய் பக்கத்தில் படுப்பதிலிருந்து கட்டிலருகே நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கதவருகே, பிறகு வெளியே என்று வாரம் ஒரு படியாக நகர்ந்தார்.

மோசமான வாரம்

ஆறாம் வாரத்தில் எல்லாம் கெட்டது. இணங்கிப்போவதை நிறுத்தினால் குழந்தை முதலில் பழைய பதிலைப் பெற இரட்டிப்பாக முயலும் என்பது தெரிந்ததே, பெற்றோரிடமும் சொல்லியிருந்தேன். கேட்டுக்கொள்வது வேறு, காலை ஏழரை மணிக்கு வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு என்மேல் பாசமே இல்லை" என்று அலறும் மகளைப் பார்ப்பது வேறு. செவ்வாயன்று வாசல்வரை போன தந்தை வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அன்று மாலை என்னை அழைத்தபோது அவர் குரலே மாறியிருந்தது. நடிக்கிறாள் என்று சொல்லிவந்தவர் அவர்தான்.

திரும்பி வந்த நாளில் என்ன செய்வது என்று திட்டத்தில் ஒரு வரி இல்லை. அது என் குறை. தொலைபேசியிலேயே முடிவு செய்தோம்: கண்டிப்பும் இல்லை, சமாதானப் பரிசும் இல்லை. "இன்று எனக்கும் கஷ்டமாகிவிட்டது. நாளைக்கு மறுபடி முயல்வோம்" என்று தந்தை சொல்வது. மறுநாள் போனாள், அழுதுகொண்டேதான். வகுப்புக்குள் போன ஏழாவது நிமிடத்தில் அழுகை நின்றது என்று ஆசிரியை செய்தி அனுப்பினார். தந்தை அந்த "ஏழு நிமிடம்" என்பதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் முழுவதும் அவரை நடத்திச் சென்றது அந்த எண்தான்.

பின்விளைவு

எட்டாம் வாரத்தில் மாலைக் கேள்விகள் ஒன்பதாகவும், பத்தாம் வாரத்தில் இரண்டாகவும் குறைந்தன. முழு நாள் பள்ளி ஏழாம் வாரத்தில் தொடங்கியது. நாங்கள் தேதி போட்டு வைத்திருந்த நாளில் வருகை பாதிக்கு மேல் மேம்பட்டிருந்ததால் மனநல மருத்துவரைப் பார்ப்பதை ஒத்திவைத்தோம். பதின்மூன்றிலிருந்து பதினாறாம் வாரம்வரை அவள் தவறவிட்டது இரண்டு அரை நாள்.

வலி அடியோடு போகவில்லை. நீண்ட விடுமுறைக்குப் பிறகும், தேர்வுக்கு முன்பும் வருகிறது. வலியோடு பள்ளிக்குப் போகிறாள்.

ஆறு மாதம் கழித்துத் தாய்க்குக் கடுமையான காய்ச்சல். இரவுக் காவல் திரும்பியது, மூன்று நாள் பள்ளி போனது. பெற்றோர் என்னை அழைக்கவில்லை. பழைய நோட்டை எடுத்து, நாற்காலியிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். ஒரு வாரத்தில் சரியானது. எனக்கு அது நடந்து முடிந்த பிறகுதான் தெரியும்.

இன்று என்றால் என்ன மாற்றுவேன்

முதல் சந்திப்பின் கேள்வியை மாற்றிவிட்டேன். "ஏதாவது மாற்றம் உண்டா" என்று இப்போது கேட்பதில்லை. "கடந்த ஓராண்டில் யாராவது இறந்தார்களா? யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனதா? அதைக் குழந்தையிடம் எந்த வார்த்தைகளில் சொன்னீர்கள்?" என்று கேட்கிறேன். அழாத குழந்தையைப் பற்றிப் பெற்றோர் பெருமையாகச் சொன்னால் அங்கே நிற்கிறேன்.

காரணம் தெரியும் முன் நட்சத்திர அட்டை கொடுப்பதில்லை. நாட்குறிப்பை முதல் நாளே கொடுக்கிறேன்.

மருத்துவரிடம் நான் பேசியிருக்க வேண்டும். "ஒன்றுமில்லை" என்பதற்குப் பதிலாக, "ஆபத்தான நோய் இல்லை, ஆனால் வலி உண்மையானது, இப்படி வருவது குழந்தைகளிடம் சாதாரணம்" என்று அவர் வாயால் ஒரு முறை சொல்லியிருந்தால் அந்த வீட்டின் காலைச் சண்டைகளில் பாதி குறைந்திருக்கும்.

திட்டத்தில், தோற்ற நாளுக்கு ஒரு வரி எழுதிவைக்க வேண்டும்.

தம்பியை முற்றிலும் மறந்துவிட்டோம். மூன்று வயதில் சாவு திரும்பாதது என்பது புரிவதில்லை. அது பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள்தான் பிடிபடுகிறது. அதனால் சொல்லாமல் விடலாம் என்று ஆகாது. புரியாத வயதில்தான் சரியான சொல்லைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. "வெளியூர்" என்ற பொய் அவனிடம் அப்படியே கிடந்தது. வாசலில் மணி அடிக்கும்போதெல்லாம் ஓடினான். அதை எடுத்துச் சரிசெய்தது நானோ பெற்றோரோ இல்லை. தாயின் நோட்டில் கடைசியாக எழுதப்பட்ட பக்கம், விளக்கம் எதுவும் இல்லாமல், இப்படி இருக்கிறது:

"மாலை 6.20. தம்பி தாத்தா எப்போது வருவார் என்று கேட்டான். இவள் சொன்னாள்: 'வெளியூர் இல்லை. தாத்தா இறந்துவிட்டார். தூங்கவும் இல்லை.' 'நாளைக்கு வருவாரா?' 'நாளைக்கும் வரமாட்டார்.' கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான். மறுபடி சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை."